நாற்பத்தொரு கோடுகள்

போன வாரம் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு அறைக்குள் போன சின்னவள், இந்த வாரம் புதன்கிழமை வரைக்கும் அந்தக் கோபத்தை இறக்கி வைக்கவில்லை. அண்ணனிடம் அறவே பேச்சு இல்லை. அண்ணியிடம் "ம்", "இல்ல", "போதும்" என்று மூன்றே சொற்கள். அவற்றில் "போதும்" சாப்பாட்டுக்கு மட்டும்.

விவகாரம் சின்னதுதான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன் என்றாள் அவள். குத்துக்கல்லாட்டம் வீடு இருக்கும்போது அறை எதற்கு என்றான் அண்ணன். அதற்கு அவள் சொன்ன பதிலும், அந்தப் பதிலுக்கு அவன் கொடுத்த பதிலும் மேல்மாடிக்குக் கேட்டன. அண்ணி யார் பக்கமும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காக இரண்டு பேரிடமும் கெட்ட பெயர் வாங்கினாள்.

அண்ணனுக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். இதைச் சொல்லி யாராவது சிரித்தால் அவனுக்குப் பிடிக்காது என்பதால் நாமும் சிரிக்க வேண்டாம். அண்ணியும் சின்னவளும் ஒரே கம்பெனி. நகரத்தின் மறுகோடியில், முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புகிற இடம். சின்னவளுக்கு மூன்றாவது மாடியில் பில் பார்க்கும் வேலை. அண்ணிக்குத் தரைத்தளத்தில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பதினோரு பஸ்.

ஊழியர்களுக்காக ஓடும் அந்தப் பதினோரு பஸ்ஸிலும் யார் எங்கே ஏறி, எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று மாதாமாதம் பட்டியல் போடுகிறவள் அவள்தான். ஆபீஸில் அவளுக்குப் பெயர் பஸ் மேடம். வீட்டுக்காரனே சில சமயம் அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

புதன்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு நாலாம் நம்பர் பஸ் வந்தது. அண்ணி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சின்னவள் அவளைத் தாண்டிப் போய் இருபத்திரண்டாம் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் பஸ்ஸில் அன்று யாரும் தூங்கவில்லை.

"மூணாவது மாடி காபி மெஷினத் தூக்கிட்டாங்களாம்."

"ரிப்பேருக்கா?"

"ரிப்பேருக்குப் போனா பிளக்கையுமா கழட்டுவாங்க?"

"வரவேற்பறையில இருந்த பூந்தொட்டியெல்லாம் எங்க? வாடகைத் தொட்டியாம். திருப்பிக் கொடுத்துட்டாங்க."

ஆள்குறைப்பு என்ற சொல்லை மட்டும் ஒருவரும் வாயில் வைத்துச் சொல்லவில்லை. தொட்டி, மெஷின், டிஷ்யூ பேப்பர் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். இந்த பஸ் இல்லாவிட்டால் டவுன் பஸ், ரயில், மறுபடி ஒரு பஸ் என்று மூன்று ஏறி இறங்க வேண்டும். கட்டணம் இந்த வருஷத்தில் இரண்டு தடவை ஏறிவிட்டது. வேலை போனால் சம்பளம் போகும். பஸ் போனால் வாங்குகிற சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போகும். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாத நிலையில் மனிதர்கள் பூந்தொட்டியைப் பற்றித்தான் பேச முடியும்.

எட்டு மணிக்கு அண்ணி மேஜையில் பையை வைப்பதற்குள் ஸ்டோர்ஸ்காரர் வந்து நின்றார்.

"சும்மா கேக்கறேன் மேடம். என் சீட்டு பதினேழுதானே? ஜன்னலோரம்?"

"பதினேழுதான் சார்."

"அடுத்த மாசமும்?"

"பட்டியல் இருபத்தஞ்சாம் தேதிதான் சார் வரும்."

அவர் போனதும் இன்னொருவர் வந்தார். ஒன்பதரை மணிக்குள் எட்டுப் பேர். எல்லோரும் சும்மா கேட்டவர்கள்.

அவர்கள் ஹெச்.ஆர். அறைக்குப் போகாமல் இவளிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் பத்தொன்பது பேரை அனுப்பினார்கள். கடிதம் கைக்கு வந்தது ஒன்றாம் தேதி. ஆனால் இருபத்தைந்தாம் தேதியே பஸ் கண்ணாடியில் ஒட்டிய பட்டியலில் அந்தப் பத்தொன்பது பேருக்கு சீட் இல்லை. ஏதோ டைப்பிங் தவறு என்று நினைத்து அவர்களில் ஒருத்தி ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "மேடம், என் பேரு விட்டுப்போச்சு" என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் எந்தச் சுற்றறிக்கையையும் யாரும் நம்புவதில்லை. சீட் பட்டியலைத்தான் நம்புகிறார்கள்.

பட்டியலை ஒருநாள் முன்னதாக வெளியே சொன்னதற்காக அண்ணியின் உதவியாளன் இருபதாவது ஆளாக வீட்டுக்குப் போனான். அதன் பிறகு அந்த மேஜைக்கு உதவியாளர் என்று யாரையும் போடவில்லை. அண்ணியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பட்டியலில் இருப்பதை வீட்டு மனிதர்களிடம்கூடப் பேச மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது.

பத்து மணிக்கு ஹெச்.ஆரிலிருந்து அடுத்த மாதத்துக்கான ஃபைல் வந்தது. பெயர், மாடி, நிறுத்தம், கடைசியில் சீட். சீட் வேண்டியவர்களுக்கு 'உண்டு' என்று இருக்கும். அண்ணி வழக்கம்போல வேகமாக உருட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடி வந்ததும் விரல் நின்றது.

'உண்டு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு. எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்று. மற்ற மாடிகளில் ஒரு கோடுகூட இல்லை. இருபத்தெட்டாவது கோடு சின்னவளுக்கு.

ஹெச்.ஆருக்கு போன் போட்டாள்.

"சார், மூணாவது மாடியில நாப்பத்தியோரு பேருக்கு சீட் இல்லன்னு வந்திருக்கு. சரியான ஃபைல்தானா?"

"சரியானதுதான்."

"காரணம் என்னன்னு..."

"காரணம் அப்புறம் சொல்றோம். நீங்க பட்டியலைப் போடுங்க. யார்கிட்டயும் காட்ட வேண்டாம்."

போன வருஷம் சொன்ன அதே வார்த்தைகள். குரலும் அதேதான். காபி மெஷினைத் தூக்கியதும் மூன்றாவது மாடியில்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

மதியம் சாப்பாட்டு வேளையில் சின்னவள் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். மூன்று சொல் விரதத்தையும் கைவிட்டாள்.

"அண்ணி, ஒரு உதவி. அண்ணன்கிட்ட சொல்லக்கூடாது."

"சொல்லு."

"அந்த ரூம் இன்னைக்கு முடியுது. நாலேகாலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. பதினோரு மாசத்துக்கு அக்ரிமென்ட். அட்வான்ஸ் மூணு மாச வாடகை, அத நடுவுல விட்டா திரும்பி வராது. வீட்டுக்காரம்மா கெடுபிடி. வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கையெழுத்து இல்லாம சாவி தரமாட்டாங்களாம்."

"அதனால நான்."

"நீங்கதான். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பஸ்லயே போகுது அண்ணி. மூணு வருஷமா வெளிச்சத்துல வீட்டப் பாத்ததே ஞாயித்துக்கிழமைதான். அண்ணனுக்கு இது புரியல. உங்களுக்குப் புரியும்."

அண்ணிக்குப் புரிந்தது. அவளும் அதே பஸ்ஸில்தான் போகிறாள், வருகிறாள். இதையே போன வாரம் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள். இன்றைக்குப் போட்டால், ஒன்றாம் தேதி வேலை போகப்போகிற பெண்ணைப் பதினோரு மாத வாடகையில் மாட்டிவிட்டவள் ஆவாள். சொல்லித் தடுக்கலாம் என்றால், கையெழுத்துப் போட்ட தாள் ஹெச்.ஆரில் இருக்கிறது. உதவியாளன் போன வழி திறந்தே இருக்கிறது.

"வரேன்," என்றாள்.

அது பொய் இல்லை. போவதாகத்தான் சொன்னாள். கையெழுத்துப் போடுவதாகச் சொல்லவில்லை.

பர்மிஷன் போட்டுவிட்டு, நாலேகாலுக்கு இருவரும் அந்த வீட்டு மாடியில் இருந்தார்கள். அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷ நடை. வீட்டுக்காரம்மா மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர். அறையும் மருந்துக்கடைபோலத்தான் இருந்தது. சுத்தமாக, எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு கட்டில், சுவரோடு பதித்த அலமாரி, மேற்கே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக மாலை வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அண்ணி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"இங்க ஒரு கையெழுத்து," என்று வீட்டுக்காரம்மா தாளைத் திருப்பி வைத்தார்.

அண்ணி பேனாவை எடுக்கவில்லை.

"அம்மா, ஒரு வாரம் டைம் கொடுக்க முடியுமா? ஒண்ணாந்தேதி வரைக்கும்."

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு விஷயம் முடிவாகணும்."

வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒரு விஷயமும் முடிவாக வேண்டாம். சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு நர்ஸ் வருது. அதுங்கூட அவங்க அப்பாவும் வரார். நீங்க போடலேன்னா அவர் போடுவார்."

"அண்ணி," என்றாள் சின்னவள்.

"இன்னைக்கு என்னால முடியாதும்மா."

தாள் மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போனது. வீட்டுக்காரம்மா கோபிக்கவில்லை. வாசல்வரை வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

தெருவில் சைக்கிள் கடையைத் தாண்டியதும் சின்னவள் நின்றாள்.

"அண்ணன் சொல்லி அனுப்பினாரா?"

"உங்கண்ணனுக்கு நாம இங்க வந்ததே தெரியாது."

"அப்ப நீங்களாவே செஞ்சீங்க. நான் நாலு மணி நேரம் ஆடிக்கிட்டே வந்து போகணும், உங்களுக்குப் பக்கத்து சீட்ல துணை வேணும். அவ்வளவுதானே?"

"நான் சொல்றத..."

"ரூம்ல வெச்சு என்னைய அசிங்கப்படுத்தினீங்களே, அத சொல்லுங்க முதல்ல."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. தாளும் கையெழுத்தும் ஹெச்.ஆரும் ஒரு பக்கம் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உன் பேருக்கு சீட் இல்ல," என்றாள். "அடுத்த மாச ஃபைல் வந்துடுச்சு. உங்க மாடியில நாப்பத்தியோரு பேருக்குக் கோடு போட்டிருக்கு. அதுல நீயும் ஒருத்தி. உன் வேலை போகுதும்மா. இந்த நேரத்துல பதினோரு மாசத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

சின்னவள் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கையைப் பிடித்தாள். சின்னவளோ கையை விடுவித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"நாப்பத்தியொண்ணா? நாப்பத்திரெண்டு வரணுமே."

"என்னது?"

"நான் வாங்கிக் கொடுத்தது நாப்பத்திரெண்டு. யாரோ ஒருத்தர் ஃபைல் போறதுக்குள்ள திருப்பி வாங்கியிருக்கார்." பிறகுதான் அவளுக்கு அண்ணியின் முகம் கண்ணில் பட்டது. "அண்ணி, அது ஆள்குறைப்பு இல்ல. அது ஃபார்ம்."

சைக்கிள் கடைக்காரர் பார்க்கிறாரே என்று ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டு சொன்னாள். போன வியாழக்கிழமை ஹெச்.ஆர். அவளைக் கூப்பிட்டது. பஸ் சீட் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு அதற்குப் பதிலாக மாதாமாதம் சம்பளத்தோடு போக்குவரத்துப் படி தரப்போகிறார்கள். முதலில் மூன்றாவது மாடியில் ஃபார்ம் கொடுத்துப் பார்க்கிறார்கள். கூச்சமில்லாமல் நாலு பேரிடம் பேசக்கூடியவள் என்று இவளிடம் ஃபார்ம் கட்டைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். இவளும் முதல் ஆளாகப் போட்டாள். அந்தப் படியை வைத்துத்தான் அறை வாடகையில் பாதியைச் சமாளிக்கப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எண்ணிக்கை தெரியற வரைக்கும் எங்க மாடியத் தாண்டி யாரும் பேசக்கூடாதுன்னாங்க. அப்புறம் அவங்களே மேடம்கிட்ட சொல்றதா சொன்னாங்க. அப்புறம்... பஸ் உங்களோடது. சீட் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன்னு உங்ககிட்ட எப்படி வந்து சொல்றது? சங்கடமா இருந்துச்சு."

"ஃபார்ம்ல என்ன இருந்துச்சு? முழுசா சொல்லு."

"எல்லாருக்கும் ஒரே தொகை. ஒருதடவை கொடுத்துட்டா ஒரு வருஷத்துக்கு சீட் திரும்பக் கேக்க முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுடைய கணக்கு அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. "ஒண்ணாந்தேதிலேர்ந்து எனக்கு பஸ்ல சீட் இல்ல. ரூமும் போச்சு."

வேலை போகப்போகிறது என்று பயந்து காப்பாற்றப்போய், இருந்த ஒரு வழியையும் அண்ணி அடைத்துவிட்டாள். முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு அந்தப் படி பத்து நாளைக்குக்கூட வராது. ஆபீஸுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது லாபம். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தலையில் துண்டு.

"திரும்பிப் போய் அந்த அம்மாகிட்ட கேக்கலாம். வா, நான் போடறேன் கையெழுத்து."

போனார்கள். நர்ஸின் அப்பா அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். மாடிப்படியில் ஒரு டிரங்குப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுடும்மா," என்றாள் அண்ணி. சின்னவள் "விடுங்க" என்றாள். அது மன்னித்த குரல் இல்லை.

ஐந்தரை மணி பஸ்ஸை நோக்கி நடக்கும்போது அண்ணிக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. ஒரு பஸ்ஸில் முப்பது சீட்டாவது நிறைந்தால்தான் கான்ட்ராக்ட்காரர் வண்டியை எடுப்பார். நாலாம் நம்பரில் ஏறுகிற நாற்பத்தெட்டுப் பேரில் பதினாறு பேருக்குக் கோடு விழுந்தாயிற்று.

"வேற மாடிக்கும் ஃபார்ம் போகுதா?"

"இன்னைக்கு ரெண்டாவது மாடிக்குக் கொடுத்திருக்காங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்."

"நம்ம பஸ்ல இன்னும் மூணு பேர் போட்டா நம்ம பஸ் நிக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா."

"பதினொண்ணும் நின்னா?" என்று கேட்ட பிறகுதான் சின்னவளுக்கு, பஸ்ஸே இல்லாத ஊரில் பஸ் மேடத்துக்கு என்ன வேலை என்பது உறைத்தது. நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆள்குறைப்பு உங்களுக்குத்தானா அண்ணி?"

"வா, பஸ் போயிடும்," என்றாள் அண்ணி. அவளுக்குப் பயமாக இருந்தது. இருபது வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவள். வேறு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் பூந்தொட்டிப் பேச்சு ஓய்ந்திருந்தது. சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடிக்காரர்கள் கையில் ஃபார்ம் இருந்தது. ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பயந்த இடத்தில் கையில் படி கொடுக்கிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. தபால் பிரிவில் உறை பிரிக்கிற அக்கா பின் சீட்டிலிருந்து எட்டி அண்ணியின் தோளைத் தட்டினாள்.

"மேடம், இதுல கையெழுத்துப் போடலாம்ல? ஹெச்.ஆர்.ல சொன்னாங்க, பஸ் மேடம் வீட்டுப் பொண்ணே முதல் ஆளா போட்டிருக்குன்னு. அதான் எங்களுக்கும் தைரியம். உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுல போடுவாங்களா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். சின்னவளை எதற்காகப் பிடித்தார்கள் என்பது இப்போது விளங்கியது. நாலு பேரிடம் பேசத் தெரிந்த பெண்கள் அந்த மாடியில் இருபது பேர் இருந்தார்கள். பஸ் மேடம் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

எல்லோரும் அண்ணியின் வாயைப் பார்த்தார்கள். போடாதே என்றால், தன் மேஜையைக் காப்பாற்றிக்கொள்கிறாள் என்பார்கள். அதில் பாதி உண்மையும்கூட. போடு என்றால் இவர்களில் பலர் வழிச்செலவுக்கே சம்பளத்தைக் கொடுப்பார்கள். அண்ணி ஃபார்மை வாங்கிப் புரட்டினாள்.

"போடாதீங்க அக்கா."

இருபத்திரண்டாம் சீட்டில் சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். வண்டி ஆடியதில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் முதல்ல போட்டேன். மூணாவது மாடியில நாப்பத்திரெண்டு பேர்கிட்ட வாங்கினதும் நான்தான். அண்ணிக்கு இது எதுவும் தெரியாது. அவங்க பேரச் சொல்லித்தான் வாங்கினாங்கன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். இந்தக் காசு பத்து நாளைக்கு வராது. நம்ம பஸ்ல இன்னும் மூணு பேர் போட்டா பஸ்ஸே நின்னுடும். அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு யாரும் கேக்க முடியாது. எனக்கு ஒண்ணாந்தேதிலேர்ந்து சீட் இல்ல. நான் போனது போச்சு. நீங்க போடாதீங்க."

தபால் அக்கா பேனாவின் மூடியை மெதுவாக மூடினாள். மூன்றாவது மாடிக்காரர்கள் மற்ற பதினைந்து பேரும் சின்னவளைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

அவள் வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை சின்னவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"என் வேலையும் போயிடுமா அண்ணி?"

"தெரியலம்மா," என்றாள் அண்ணி. ஆறுதலாக ஒரு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மேம்பாலத்து நிறுத்தத்தில் பஸ் நின்றது. பின் வரிசையிலிருந்து முப்பத்துநாலாம் சீட்டுக்காரர் எழுந்து, இருவர் முகத்தையும் பார்க்காமல் தாண்டிப் போய் இறங்கினார். ஹெச்.ஆரில் ஃபைல் அடுக்குகிறவர். இறங்கியதும் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அவர் இங்கயா இறங்குவார், அண்ணி?"

"இல்ல," என்றாள் அண்ணி. "அவருக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு."